தகவல் அள்ளப் போகிற பிள்ளைகளுக்கு

வீராம்பட்டினத்திலிருந்து காலாப்பட்டுக்கும் பிள்ளைச்சாவடிக்கும் பஸ் ஏறிப் படிக்கப் போகிற தம்பி, தங்கைகளே! புராஜெக்ட் என்றாலே ஏதாவது ஒரு தளத்தை ஸ்கிரேப் செய்வது என்றாகிவிட்டது. செய்யுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை.

1. திரையில் தெரிவதெல்லாம் அள்ளிக்கொள்ள அல்ல. கடல் பொதுதான், ஆனாலும் மீனை ஒட்டுமொத்தமாக வாரிவிடும் சுருக்குமடி வலைக்காக நம் கரையில் நடந்த சண்டை கொஞ்சமா?

2. 2000ஆம் ஆண்டுத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43ஆம் பிரிவைப் படியுங்கள். பொறுப்பாளரின் அனுமதியில்லாமல் தரவை இறக்கினால் நஷ்டஈடு கேட்கலாம். நேர்மையற்ற எண்ணமோ மோசடியோ இருந்தால் 66ஆம் பிரிவு: 3 ஆண்டு வரை சிறை, 5 லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். "படிப்புக்காகத்தான் சார்" என்பது 66க்கு ஒருவேளை பதிலாகலாம், 43க்கு ஆகாது.

3. 2013இல் கார்னெல் பல்கலைக்கழக மாணவர் தேபார்கியா தாஸ், ஐ.சி.எஸ்.இ., ஐ.எஸ்.சி. தேர்வு முடிவுகளை ஸ்கிரிப்ட் ஓட்டி எடுத்தார். தளத்தில் எண்ணை மாற்றினால் போதும், அடுத்த பிள்ளையின் மதிப்பெண் வந்து நிற்கும், கடவுச்சொல்லே கிடையாது. லட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர்களில் ஒருவர்கூட 81, 82, 84, 85 போன்ற 30க்கும் மேற்பட்ட மதிப்பெண்களை வாங்கவில்லை என்று காட்டினார். முறைகேடு இல்லை என்று மறுத்தது தேர்வுக் குழு. அவர் எழுப்பியது நல்ல கேள்வி என்பேன். ஆனால் அதற்கு மதிப்பெண் மட்டும் போதுமே, பெயர் எதற்கு? வேண்டாத விவரத்தைச் சேமிக்கும் முன்பே உதறிவிடுங்கள். தனிநபர் தரவுக்கென்று 2023இல் தனிச் சட்டமே வந்திருக்கிறது.

4. ஆய்விதழ்களில் கை வைக்கும்போது கூடுதல் கவனம். 2010இல் அமெரிக்க புரோகிராமர் ஆரன் சுவார்ட்ஸ் எம்.ஐ.டி. வலையமைப்பு வழியாக ஜேஸ்டோர் என்ற ஆய்விதழ்க் களஞ்சியத்தின் கட்டுரைகளை லட்சக்கணக்கில் இறக்க, அந்த வளாகம் முழுவதற்குமே சில நாள் ஜேஸ்டோர் நின்றுபோனது. அவர்மேல் வழக்கும் பாய்ந்தது. விசாரணைக்கு முன்பே, 26 வயதில், உயிரை மாய்த்துக்கொண்டார். 2025இல் வந்த 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்தின் வழியாக இன்று உங்கள் கல்லூரிக்கும் இதழ்கள் கிடைக்கலாம். நீங்கள் லூப் போட்டு இறக்கினால் பதிப்பகம் முடக்குவது உங்கள் லேப்டாப்பை மட்டுமல்ல, கல்லூரி இணைப்பையே. லாகில் உங்கள் லாகின் இருக்கும்; அடுத்து ஹெச்.ஓ.டி. அறைதான்.

5. கேப்ச்சா வந்தால் நிறுத்துங்கள். ஒவ்வொரு கோரிக்கைக்கும் நடுவே சில நொடி இடைவெளி விடுங்கள். சர்வரைத் திணறடிப்பதும் அதே 43இல் வரும்.

6. கைடு வாயால் சொன்ன "செய்ப்பா" நாளைக்கு நிற்காது. மெயிலில் வாங்குங்கள். தளத்தாருக்கும் ஒரு மெயில் போடுங்கள். பலர் ஃபைலாகவே கொடுத்துவிடுவார்கள். மத்திய அரசுத் தரவென்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டிக் கேட்கலாம். பதிலுக்கு 30 நாள் கெடு என்பதால், ரிவ்யூ தேதியைப் பார்த்து இந்த வாரமே மனுவை அனுப்புங்கள்.