டிராக்டரின் இரு பிரேக்குகளையும் சமப்படுத்தும் விதம்

பெரும்பாலான டிராக்டர்களில் பிரேக் பின்சக்கரங்களுக்கு மாத்திரமே உண்டு. வலதுக்கும் இடதுக்கும் தனித்தனி மிதிகள். உழவின்போது முடக்கில் திரும்ப ஒன்றை மட்டும் மிதிப்பது வழக்கமாதலால், அப்பக்கம் சீக்கிரம் தேய்ந்துபோகிறது. வயலில் இக்குறை தெரியாது. கரும்பேற்றிய டிரெய்லருடன் ஏரிக்கரைச் சரிவில் இறங்கும்போதோ, ஒரு சக்கரம் முந்திப் பிடித்து வண்டி அப்பக்கம் திரும்ப, பின்பாரம் நெட்டித் தள்ளிக் கவிழ்த்துவிடும். அவ்விதம் கவிழ்ந்த ஒன்றைத் தூக்க நானும் கை கொடுத்திருக்கிறேன்.

ஆகையால், சமதரையில் இஞ்சினை நிறுத்தி, சக்கரங்களுக்கு முட்டுக் கொடுத்து, ஒவ்வொரு மிதியும் பிடிக்குமுன் எவ்வளவு வெறுமனே இறங்குகிறதென்று அளந்து, தயாரித்தவர் கொடுத்த புஸ்தகத்திலுள்ள அளவுக்கு இரண்டையும் கொண்டுவருக. பிறகு மிதிகளைக் கொண்டியால் இணைத்து, டிரெய்லரைக் கழற்றிவிட்டு, ஆளில்லா மண்பாதையில் மெள்ள ஓட்டி மிதித்துப் பார்க்கவும். இரு சக்கரங்களின் தேய்ப்புத் தடங்களும் ஒரே நீளமாயிருத்தல் வேண்டும். ஒன்று நீண்டிருந்தால், புஸ்தக அளவு மீறாமல் அப்பக்கத்தையே சற்றுத் தளர்த்துக. மற்றதை மேலும் இறுக்கினால் அது உராய்ந்து சூடேறும். அளவு சரியாயிருந்தும் ஒரு பக்கம் பிடிக்காவிடில், உலர் பிரேக்காயின் உள்ளே எண்ணெய் கசிந்திருக்கக்கூடும். ஸீலை மாற்றாமல் மரையைத் திருகுவது வீண்.

வயல் வேலை முடித்து ரஸ்தாவில் ஏறுமுன் கொண்டி போட மறப்பவர் அநேகர்.