தவறைச் சொல்ல வருபவரிடம்...

டொயோட்டா கார் ஆலைகளில், வேலையில் கோளாறு கண்ட தொழிலாளி தலைக்கு மேல் ஓடும் கயிற்றை இழுப்பார் அல்லது பொத்தானை அழுத்துவார். விளக்கு எரியும், குழுத் தலைவர் அவர் நிற்கும் இடத்துக்கே வந்துவிடுவார். குறித்த நேரத்துக்குள் சரியாகாவிட்டால் அந்த உற்பத்தி வரிசையே நின்றுவிடும்.

இதே அணுகுமுறை உங்களுக்கும் உதவும். உங்கள் அலுவலகத்தில் "சார், பில்லில் தொகை தப்பாப் போயிடுச்சு" என்று ஒருவர் வந்து நின்றால், "யார் செஞ்சது?" என்று ஆரம்பிக்காதீர்கள். "நல்லவேளை, இப்பவே சொன்னீங்க. எங்கே இடிக்குது, காட்டுங்க" என்று அவர் மேஜைக்குப் போங்கள். நீங்கள் முகம் சுளித்தால், அடுத்த தடவை யாரும் வாய் திறக்க மாட்டார்கள். எல்லாவற்றையும் விட, முகம் சுளிக்காமல் கேட்பதுதான் முக்கியம்.

அவர்கள் தயங்காமல் பேச இன்னொன்றும் வேண்டும்: பாராட்டு நாலு பேர் முன்னால், கண்டிப்பு தனியாக. ஊழியர் சொன்ன யோசனையை ஏற்க முடியாவிட்டாலும், காரணத்தோடு அந்த வாரத்துக்குள்ளேயே பதில் சொல்லிவிடுங்கள்.