தளர்ந்த தோற்சட்டையை உடலுக்கேற்ப அமைத்தல்



எண்ணூரினின்று இராயபுரம் நோக்கிக் கடலோரமாக வரும் சாலையை நம்முள் அறியாதார் இலர். துறைமுகம் புகக் காத்து நிற்கும் கண்டெய்னர் லாரிகளினிடையே மோட்டார் சைக்கிளில் வேலைக்கு விரையும் இளைஞர் பலரை அச்சாலையில் நாள்தோறும் காண்கின்றோம். அவருள் ஒருவர், முன்னர் எம்மிடம் பயின்றவர், ஒருநாள் மாலை ஒரு பொட்டலத்துடன் எம் இல்லம் போந்தார். அதனுள் இருந்தது, காலஞ்சென்ற அவர்தம் தந்தையார் அணிந்திருந்த கரிய தோற்சட்டை. தந்தையார் திருவொற்றியூரில் தொழிற்சாலையொன்றிற் பணியாற்றியவர். 1955இல் தோன்றிய என்பீல்டு இந்தியா நிறுவனம் புல்லட் வண்டிகளை அவ்வூரிலேயே செய்துவந்தமையின், அவ்வண்டியின்மீது காதல் கொள்ளாதார் அப்பகுதியில் அரியர். தந்தையார் பருத்த உடலினர்; மைந்தரோ மெலிந்தவர்.

"ஐயா, போட்டுக்கொண்டு வண்டி ஓட்டினால் காற்றில் கூடாரம்போல் உப்புகிறது. வெந்நீரில் நனைத்து வெயிலில் உலர்த்தினால் சுருங்கும் என்கிறார்களே, செய்யலாமா?" என்று வினவினார்.

"தம்பி, அதை மட்டும் செய்துவிடாதே," என்று தடுத்தோம். தடுத்ததன் காரணத்தையும், பின்னர் அச்சட்டை சீர்பெற்ற வகையையும் ஈண்டு எழுதப் புகுகின்றோம். 'லெதர் ஜாக்கெட்' என்பதே இதற்கு மக்கள் வழங்கும் பெயர். எனினும் ஜாக்கெட் என்றவுடன் நம் தாய்மார் இரவிக்கையையே நினைப்பராதலின், தோற்சட்டை என்றே குறிப்போம்.

உடை சற்றுத் தளர்ந்திருந்தால் என்ன, அழகுதானே குறையும் என்பர் சிலர். வண்டி ஓட்டுவோர் திறத்தில் அஃது அங்ஙனமன்று. இச்சட்டைகள் பலவற்றில் தோளிலும் முழங்கையிலும் தடித்த மெத்தைகள் உள்ளே வைக்கப்பட்டிருக்கும். கை தளர்ந்திருப்பின், கீழே விழுங்கால் அம்மெத்தை முழங்கையை விட்டு விலகிப்போம்; கையும் மேலேறித் தசை சாலையில் உராயும். சட்டை இருந்தும் இல்லாததை ஒக்கும். ஆகலின் அளவு பொருந்துதல் ஈண்டு உயிரோடும் உடம்போடும் பட்ட செய்தியாகும்.

இனி வெந்நீரின் கதையைக் கேண்மின். தோல் துணிபோல் நெய்யப்பட்டதன்று. கொல்லாஜன் என்னும் புரத இழைகள் பின்னிக் கிடக்கும் வலையே தோல். பதனிடாத ஈரத்தோலைச் சற்றேறக்குறைய 60 முதல் 65 டிகிரி சென்டிகிரேடு வெப்பமுள்ள நீரில் இட்டால் அவ்விழைகள் கட்டவிழ்ந்து சுருண்டுபோம். மீண்டும் அவற்றை நீட்டல் இயலாது. பதனிடுதல் என்பது இவ்விழைகளை ஒன்றோடொன்று பிணித்து, அழுகாவண்ணமும் எளிதிற் சுருளாவண்ணமும் செய்தலே. நம் நாட்டார் தொன்றுதொட்டு ஆவாரம் பட்டையைக்கொண்டு பதனிட்டனர். அவ்வாறு பதனிட்ட தோல் சென்னையினின்று கப்பலேறி இங்கிலாந்து சென்றது. மரப்பட்டையாற் பதனிட்ட தோல் 70 முதல் 85 டிகிரி வரை பொறுக்கும். 1884இல் அமெரிக்காவில் அகஸ்டஸ் ஷூல்ட்ஸ் என்பார் குரோமிய உப்பினாற் பதனிடும் முறைக்கு உரிமை பெற்றார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆல்பிரட் சாட்டர்டன் என்னும் ஆங்கிலேயர் சென்னையில் அம்முறையைச் சோதித்துப் பரப்பினார். பல்லாவரத்தின் அருகே எழுந்த குரோம் தோல் தொழிற்சாலையினாலேயே குரோம்பேட்டைக்கு அப்பெயர் வாய்த்தது. நாள்தோறும் அப்பெயர் சொல்லி இரயிலேறுவோருள் இதனை நினைப்பவர் எத்துணையர்! குரோமியத் தோலின் சிறப்பு வெப்பம் பொறுத்தலே. நன்கு பதனிட்ட துண்டொன்றைக் கொதிநீரில் சில நிமிடம் இட்டு, அது சுருங்காமை கண்டு தேறுதல் தொழிற்சாலைகளின் வழக்கம்.

இக்காலத்துத் தோற்சட்டைகளிற் பெரும்பாலன குரோமியத் தோலால் ஆனவை. அவற்றைக் குளிக்கும் வெந்நீரில் நனைத்தால் தோல் சுருங்குவதில்லை. அதன் மென்மைக்குக் காரணமாய் உள்ளே ஊட்டப்பட்ட எண்ணெய்ப்பசையே நீருடன் வெளிப்படும். உலர்ந்தபின் சட்டை விறைத்து, மடியுமிடத்து வெடிக்கும். உள்ளே தைத்த லைனிங் துணி தனியே சுருங்கித் தையலை இழுக்கும். ஒருகால் அது பட்டையாற் பதனிட்ட தோலாயிருந்து நீரும் மிக்க சூடாயிருப்பின், தீயிற் காட்டிய அப்பளம்போல் இடத்திற்கொரு விதமாகச் சுருளும். எவ்வாற்றானும் இழப்பே. இஸ்திரிப் பெட்டிக்கும் இதே விடை.

எனவே குறைக்கும் வழி தையல் ஒன்றே. ஆயினும் எல்லாச் சட்டையும் குறைத்தற்கு உரியவல்ல. முதலில் தோளைப் பார்க்க வேண்டும். கை பொருத்திய தையல் தோள் எலும்பின் முனையில் நிற்பது நன்று. அரை அங்குலம் கடந்திருப்பின் பொறுத்துக்கொள்ளலாம். ஓர் அங்குலத்திற்கு மேற் கடந்திருப்பின் இரு கைகளையும் முற்றும் பிரித்துத் தோளை வெட்டி மீண்டும் பொருத்த வேண்டும்; அது புதுச்சட்டை தைப்பதற்கு நிகரான வேலை. அத்தகைய சட்டையை உரிய உடலினர் ஒருவர்க்கு ஈந்துவிடுதலே எம் கருத்து. எம் மாணவர்க்கு நல்லூழாகத் தோள் அரை அங்குலமே மிகுந்திருந்தது. மார்பும் கையும் நீளமுமே குறைக்க வேண்டியிருந்தன.

அடுத்து ஓர் உண்மையை உள்ளத்திற் கொள்க. துணியில் ஊசி சென்ற வழி துவைத்தால் மறையும், தோலில் மறையாது. ஆதலின் தோற்சட்டையைப் பிடித்துத் தைக்கலாம். பிரித்துப் பெரிதாக்கல் ஆகாது. பிடித்துத் தைக்குங்கால் பழைய துளைகள் உட்பக்கம் மறைந்துபோம். பெரிதாக்கினாலோ அவை வெளிப்பட்டு வரிசையாய்ச் சிரிக்கும். அளவு பார்க்கக் குண்டூசி குத்தினும் தழும்பே. துணி மாட்டும் கிளிப்புகளைக்கொண்டு பிடித்துப் பார்ப்பதே தக்கது.

அளவெடுக்கும்போது நின்றுகொண்டு பார்ப்பது பெரும்பிழை. வண்டியின்மீது அமர்ந்து கைப்பிடியைப் பற்றியபோது கை முன்னே நீளும், முழங்கை மடங்கும், சட்டையின் கை மணிக்கட்டினின்று மேலேறும். நின்றபோது நீளமாய்த் தோன்றிய கை, அமர்ந்தபோது அளவாயிருத்தல் கூடும். அவ்விளைஞரை எம் வாயிலில் நின்ற அவர் வண்டியின்மீதே அமர்த்தி அளந்தோம். தெருப்பிள்ளைகள் கூடி வேடிக்கை பார்த்தனர். ஒன்றரை அங்குலம் குறைக்க எண்ணியிருந்த கையில் அரை அங்குலமே குறைக்க வேண்டியிருந்தது.

மார்பில் ஐந்து அங்குலம் மிகுந்திருந்தது. மூன்றையே குறைத்தோம். உள்ளே அணியும் சட்டைக்கும் மூச்சிற்கும் கையசைவிற்கும் இரண்டு அங்குலம் வேண்டும். அன்றியும் பக்கத்தையலை மிக இழுத்தால் முன்புறப் பைகள் விலாப்பக்கம் நகர்ந்துவிடும். பக்கத்தையல் இரண்டிலும், முன்தோல் பின்தோல் ஒவ்வொன்றிலும் முக்கால் அங்குலம் பிடித்தால் நான்கு முக்கால், ஆக மூன்று அங்குலம். அக்குளில் வரும்போது கையின் அடித்தையலும் அதே முக்கால் அங்குலமே குறைய வேண்டும். இரண்டும் ஒவ்வாவிடின் கை பொருந்தும் வட்டத்தில் சுருக்கம் விழும். வெண்பாவிற் சீர் தளை தட்டினாற்போல அது கண்ணிற் படும்! அடிநீளத்தைக் குறைக்க வேண்டாமெனத் தடுத்தோம். குறைத்தால் முன்புற ஜிப்பையும் மாற்ற நேரும்.

தைத்தற்கு யாரை நாடுவது? யாம் முன்னொருகால் எம் சட்டையொன்றைத் துணி தைக்கும் கடையொன்றிற் கொடுத்துக் கெடுத்துக்கொண்டோம். அவர் நல்ல தையற்காரரே. ஆனால் துணிக்குரிய ஊசியால், துணிக்குரிய நெருக்கத்தில் தைத்துவிட்டார். சில திங்களில், அஞ்சல்தலையைத் துளைவழிக் கிழிப்பதுபோல் விலாப்புறம் தையலோடு கிழிந்தது. தோலுக்கு முக்கோண முனையுள்ள ஊசியும், வலிய பாலியெஸ்டர் நூலும், அங்குலத்திற்கு ஏழெட்டுத் தையலுமே போதும். முடிவில் முன்னும் பின்னுமாக ஓட்டாமல் நூல்முனைகளைக் கையால் முடிதல் வேண்டும். இவற்றை அறிந்தார் பெரியமேட்டில் தோற்பொருள் செய்வோரே என்று தெளிந்து, அங்கு ஒரு முதியவரிடம் சட்டையை ஒப்பித்தோம்.

அவர் முதலில் லைனிங்கின் கீழ்விளிம்பைப் பிரித்து, சட்டையை உள்வெளியாகத் திருப்பினார். கிளிப்பிட்ட இடத்தைச் சாக்குக் கட்டியால் உட்பக்கத்திற் குறித்தார். அக்குளில் கைத்தையலைச் சிறிது பிரித்து, பக்கத்தையலைப் புதுவழியில் ஓட்டினார். பின்னர்த் தையலின் இரு விளிம்புகளையும் விரித்து, செருப்புத் தைப்போர் கையாளும் சொல்யூஷனைப் பூசி, சிறு சுத்தியலால் மெல்லத் தட்டிப் படியச் செய்தார். இஸ்திரியின் பணியைச் சுத்தியல் செய்வது கண்டு மகிழ்ந்தோம். மணிக்கட்டில் ஜிப் இருந்தமையாற் கையின் நீளத்தை அங்கே குறைக்க வழியில்லை; மேற்பக்கம் பிரித்துக் குறைத்தார். லைனிங்கையும் அவ்வளவே பிடித்து, அதனைச் சற்றுத் தளர்வாகவே விட்டார். லைனிங் இறுகினால் முழங்கை மடக்கும்போது முதலிற் கிழிவது அதுவே.

இத்துணைச் செலவும் துணிவும் இல்லாதார்க்கு வேறோர் எளிய வழி உண்டு. இடுப்பின் இரு பக்கத்திலும் பக்கிள் வைத்த தோற்பட்டை தைத்து இறுக்கிக்கொள்ளலாம். காற்று உப்புவது பெரிதும் அடங்கும். கை மட்டும் தளர்ந்தே நிற்கும். உள்ளே கனத்த பனியன் அணிந்து நிரப்புக என்று மேனாட்டார் கூறுவர். சித்திரை வெயிலில் எண்ணூர் சாலையில் நிற்போர்க்கு அவ்வுரை நகைப்பே தரும்.

முதியவர் உள்ளே மிகுந்த தோல்விளிம்பை உடனே வெட்டவில்லை. "மூணு வாரம் போட்டு ஓட்டிட்டு வா தம்பி, அப்புறம் வெட்டறேன்," என்றார். மூன்றாம் வாரம் இளைஞர் சென்றபோது வலக்கை சற்று இறுகுவதாகக் கூற, அப்பக்கத்துப் புதுத்தையலை மட்டும் கால் அங்குலம் வெளியே ஓட்டித் தந்தார். விளிம்பு வெட்டப்படாதிருந்தமையாலும், புதுத்துளைகள் பழைய வரிக்கு உட்புறத்தே அக்குளின் மடிப்பிற் பட்டமையாலும் அது கூடிற்று. பின்னரே மிகுந்ததை நறுக்கி, நறுக்கிய கீற்றுகளைக் காகிதத்திற் சுற்றி அவரிடமே கொடுத்து, கிழிந்தால் ஒட்டுப்போட இந்நிறம் வேறெங்கும் கிடையாதென்றார். இராயபுரத்துக் கடற்காற்றின் ஈரத்திற் பூஞ்சை பற்றாதபடி, சட்டையைப் பிளாஸ்டிக் உறையிற் கட்டாமல், பருத்தித் துணி போர்த்து அகன்ற மரத்தாங்கியில் தொங்கவிடுமாறு யாம் கூறியனுப்பினோம்.