விழித்ததும் ஒருமுறை பார்

அன்பு மருமகளுக்கு,

நீ அனுப்பிய ப்ரோக்ராமை நேற்று ராத்திரி உட்கார்ந்து படித்தேன். “பத்துத் தடவை ஓட்டினால் ஒரு தடவை அப்படியே நின்றுவிடுகிறது மாமா. வேலை போடுகிற த்ரெட்டில் ஒரு ஸ்லீப் போட்டதும் சரியாகிவிட்டது” என்று எழுதியிருந்தாய். அந்தக் கடைசி வரியைப் படித்துத்தான் இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்தேன். தப்பு அங்கேயேதான் இருக்கிறது. ஸ்லீப் அதைக் கொஞ்சம் தள்ளிப் போட்டிருக்கிறது. ப்ராக்டிகல் பரீட்சை அன்று, வேறு கம்ப்யூட்டரில், அது திரும்பி வரும்.

உன்னிடம் ஒரு க்யூ இருக்கிறது. ஒரு த்ரெட் அதில் வேலைகளைப் போடுகிறது, இரண்டு த்ரெட்டுகள் எடுத்துச் செய்கின்றன. க்யூவுக்கு ஒரு மியூட்டெக்ஸ், அதாவது ஒரு லாக் போட்டிருக்கிறாய், அது சரி. ஒரு நேரத்தில் ஒருவர்தான் க்யூவில் கை வைக்கலாம் என்பதை அது பார்த்துக்கொள்ளும். ஆனால் எடுக்க வந்த த்ரெட், க்யூ காலி என்று கண்டால் என்ன செய்யும்? லாக்கைக் கையில் பிடித்தபடியே காத்திருந்தால் வேலை போடுகிற த்ரெட் உள்ளே வரவே முடியாது. லாக்கை விடுவதும், எடுத்துப் பார்ப்பதும், மறுபடி விடுவதுமாகச் சுற்றிக்கொண்டிருந்தால் ப்ராசசரின் ஒரு கோர் முழுக்க வெட்டியாகப் போகும். அந்த த்ரெட் தூங்க வேண்டும், வேலை வந்ததும் யாராவது எழுப்பிவிட வேண்டும். கண்டிஷன் வேரியபிள் இதற்காக வந்ததுதான்.

அந்தப் பெயரே பாதிக் குழப்பத்துக்குக் காரணம். அதற்குள் ஏதோ ஒரு கண்டிஷன் இருக்கிறது, ஒரு மதிப்பு இருக்கிறது என்று நினைத்துக்கொள்கிறோம். நமக்குப் பயன்படும் மதிப்பு எதுவும் அதில் கிடையாது. தூங்குகிற த்ரெட்டுகள் நிற்கும் வரிசை அது. எழுப்பச் சொல்லி எத்தனை சிக்னல் வந்தது என்று கணக்கு வைக்காது. யாரும் தூங்காத நேரத்தில் சிக்னல் கொடுத்தால் அந்தச் சிக்னல் காற்றோடு போய்விடும். டைக்ஸ்ட்ரா 1960களில் கொண்டுவந்த செமஃபோர் வேறு மாதிரி. அதற்குள் ஒரு எண் இருப்பதால், முன்கூட்டியே வந்த சிக்னலையும் அது மறக்காது. உங்கள் பாடத்திட்டத்தில் செமஃபோர் முதலில் வருகிறது. அதைப் படித்த கையோடு இங்கே வருகிற பிள்ளைகள் தடுக்கி விழுவது இந்த இடத்தில்தான். கண்டிஷன் உன் டேட்டாவில் இருக்கிறது. ‘க்யூவில் ஏதாவது இருக்கிறதா’ என்பதுதான் அது. அதைப் பார்ப்பது உன் வேலை.

இப்போது உன் ப்ரோக்ராம் எங்கே நின்றது என்று பார்ப்போம். எடுக்கிற த்ரெட்டில், க்யூ காலியா என்ற சோதனையை லாக்குக்கு வெளியே வைத்திருக்கிறாய். சோதனை, பிறகு லாக், பிறகு தூங்கவைக்கும் வெயிட். முதல் படியில் க்யூ காலி என்று தெரிந்தது. லாக் எடுப்பதற்குள், அந்த இம்மி நேரத்தில், ஆப்பரேட்டிங் சிஸ்டம் அந்த த்ரெட்டை ஓரமாக நிறுத்திவிட்டு வேலை போடுகிற த்ரெட்டை ஓடவிடுகிறது. அது கடைசி வேலையைப் போட்டு, சிக்னலும் கொடுத்து, முடிந்தது என்று போய்விடுகிறது. சிக்னல் வந்தபோது யாரும் தூங்கவில்லை, அதனால் அது வீண். இப்போது நம்ம த்ரெட் திரும்ப ஓடுகிறது. ‘காலி’ என்று பார்த்த பழைய நினைப்போடு லாக்கை எடுத்துத் தூங்கப் போகிறது. க்யூவில் வேலை இருக்கிறது, எழுப்ப இனி ஆள் இல்லை. ஸ்லீப் போட்டதும் ஏன் சரியானது என்று இப்போது உனக்கே தெரியும். வேலை போடுகிறவன் தாமதமாக வந்ததால், மற்ற இருவரும் அதற்குள் தூங்கிவிட்டார்கள், சிக்னல் வீணாகவில்லை.

இந்த ஓட்டையை அடைக்கத்தான் பித்ரெட்_காண்ட்_வெயிட் என்ற அந்த வெயிட் ஃபங்ஷன் இரண்டு பொருள் கேட்கிறது: கண்டிஷன் வேரியபிள் ஒன்று, மியூட்டெக்ஸ் ஒன்று. மியூட்டெக்ஸ் எதற்கு என்று நீ கேட்டிருந்தாய். லாக்கை விடுவது, தூங்குவது இரண்டையும் அது ஒரே படியாகச் செய்கிறது. நடுவில் வேறு யாரும் புகுந்து சிக்னல் கொடுத்துவிட்டுப் போக முடியாது. விழித்ததும், லாக்கைத் திரும்பக் கையில் எடுத்த பிறகே அந்த ஃபங்ஷன் உன்னிடம் திரும்பி வரும். ஆனால் சோதனையை நீ லாக்குக்குள் செய்தால்தான் இந்தப் பாதுகாப்பு. டேட்டாவை மாற்றுகிறவனும் லாக்குக்குள் இருந்தபடிதான் மாற்ற வேண்டும். ஒருவர் விதியை மீறினாலும் போதும், ஓட்டை திறந்துவிடும்.

அடுத்தது இஃப். ‘காலியாக இருந்தால் வெயிட்’ என்று எழுதியிருக்கிறாய். அது ‘காலியாக இருக்கும் வரை வெயிட்’ என்று இருக்க வேண்டும், அதாவது வைல். இதை ஒரு சடங்குபோல மனப்பாடம் பண்ணிக்கொண்டு போகிறவர்கள் நிறைய. நீ காரணத்தோடு தெரிந்துகொள்.

1970களின் தொடக்கத்தில் பெர் பிரிஞ்ச் ஹான்சனும் டோனி ஹோரும் டேட்டாவையும் லாக்கையும் கண்டிஷன் வேரியபிளையும் ஒன்றாகக் கட்டிய மானிட்டர் என்ற அமைப்பை உருவாக்கினார்கள். ஹோர் 1974இல் எழுதிய கட்டுரையில், சிக்னல் கொடுத்ததும் தூங்கியவன் அந்த நொடியே உள்ளே வந்துவிடுவான், இடையில் வேறு யாரும் நுழைய முடியாது. அங்கே இஃப் போதும், ஏனென்றால் எழுப்பிய நேரத்தில் உண்மையாக இருந்தது, விழித்த நேரத்திலும் உண்மை. பிறகு கலிஃபோர்னியாவில் ஜெராக்ஸின் பார்க் ஆய்வுக்கூடத்தில் மேஸா என்ற மொழியை உருவாக்கினார்கள். அதில் மானிட்டரைப் பயன்படுத்திய அனுபவத்தை பட்லர் லாம்ப்சனும் டேவிட் ரெடெலும் 1980இல் கட்டுரையாக எழுதினார்கள். உடனே கைமாற்றுகிற ஏற்பாட்டை அவர்கள் கைவிட்டார்கள். எழுப்பப்பட்டவன் ஓடத் தயாரானவர்களின் வரிசையில் போய் நிற்பான், தன் முறை வரும்போது லாக்கை எடுப்பான். சிக்னல் ஒரு தகவல்தான், உத்தரவாதம் கிடையாது. ரேஷன் கடையில் பாமாயில் வந்துவிட்டது என்று பக்கத்து வீட்டு அக்கா சொல்வதுபோல. சொன்னபோது உண்மைதான். நீ பையை எடுத்துக்கொண்டு போய்ச் சேர்வதற்குள் தீர்ந்திருக்கலாம்.

நீ பயன்படுத்துகிற, 1995இல் வந்த போசிக்ஸ் த்ரெட்டுகளும், ஜாவாவும், 2011இன் சி பிளஸ் பிளஸும் மேஸாவின் வழியில்தான் போகின்றன. இது போதாதென்று, யாரும் சிக்னல் கொடுக்காமலேயே வெயிட்டிலிருந்து விழித்துக்கொள்ளவும் போசிக்ஸ் இடம் கொடுக்கிறது. அதை அடியோடு தடுக்கப் போனால், பல ப்ராசசர் உள்ள கம்ப்யூட்டரில் எல்லாருடைய வேலையும் மெதுவாகும் என்பது போசிக்ஸ் சொல்லும் காரணம். எப்படியும் வைல் எழுதப்போகிற நமக்கு அதனால் நஷ்டம் இல்லை.

இதை நான் புத்தகத்தில் படித்துக் கற்கவில்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில், பில் அச்சடிக்கிற ஒரு ப்ரோக்ராமை நான்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு த்ரெட்டுகள், ஒரு க்யூ, ஒரு இஃப். மாத ஆரம்பத்தில் கூட்டம் அதிகமாகும்போது மட்டும் விழுந்துவிடும். பார்க்கலாம் என்று பிரிண்ட் வரிகளைச் சேர்த்தால் நன்றாக ஓடும், எடுத்தால் விழும். இரண்டு மாதம் அலைந்த பிறகு, ஒரு மூத்தவர் காகிதத்தில் இரண்டு கட்டம் போட்டு, இரண்டு த்ரெட்டுகளையும் வரி வரியாக நகர்த்திக் காட்டினார். ‘அ’ தூங்குகிறது. பில் வருகிறது, சிக்னல் போகிறது. ‘அ’ விழித்து லாக்குக்கு வருவதற்குள், முந்தைய பில்லை அப்போதுதான் முடித்த ‘ஆ’ நேராக உள்ளே நுழைந்து புதுப் பில்லை எடுத்துப் போய்விடுகிறது. பிறகு ‘அ’ காலி க்யூவில் கையை விடுகிறது. மாற்றியது ஒரே ஒரு சொல். நீயும் அப்படிக் காகிதத்தில் கட்டம் போட்டுப் பார். இந்த வகைத் தப்பைக் கண்டுபிடிக்க அதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

இன்னும் இரண்டு விஷயம். சிக்னல் குறைந்தது ஒருவரை எழுப்பும், பிராட்காஸ்ட் எல்லாரையும் எழுப்பும். காத்திருப்பவர்களில் யார் எழுந்தாலும் வேலை நடக்கும் என்றால் சிக்னல் போதும். ஆளுக்கொரு தேவை என்றால் போதாது. ஒருவன் 80 பைட் மெமரிக்கும், இன்னொருவன் 10 பைட்டுக்கும் காத்திருக்கும்போது 20 பைட் விடுபட்டால், சிக்னல் முதலாமவனை எழுப்பிவிடலாம். அவன் பார்த்துவிட்டுத் திரும்பத் தூங்கிவிடுவான். பத்துப் போதும் என்கிறவன் எழும்பவே மாட்டான். சந்தேகம் வந்தால் பிராட்காஸ்ட் போடு. கொஞ்சம் வேகம் குறையும், ஆனால் யாரும் தூங்கியே கிடக்க மாட்டார்கள்.

மற்றது, கடையை மூடுவது. எல்லா வேலையும் முடிந்த பிறகு உன் இரண்டு த்ரெட்டுகளும் வராத வேலைக்காகத் தூங்கிக்கொண்டிருந்தால், மெயின் த்ரெட் அவற்றுக்காக ஜாயினில் நின்றுவிடும். ‘முடிந்தது’ என்று ஒரு ஃபிளாக் வை. அதையும் லாக்குக்குள் மாற்றி, பிராட்காஸ்ட் கொடு. வைலின் கண்டிஷன் ‘காலியாக இருக்கிறது, இன்னும் முடியவில்லை’ என்று இரண்டையும் பார்க்கட்டும்.

இனி ப்ரோக்ராம் நின்றுபோனால் உடனே அதைக் கொன்றுவிடாதே. ஜிடிபி என்ற டீபக்கரை அதில் இணைத்து, ஒவ்வொரு த்ரெட்டும் எந்த வரியில் நிற்கிறது என்று பார். எல்லாம் வெயிட்டில் நின்றால், யார் எழுப்பத் தவறினார்கள் என்ற கேள்வியிலிருந்து தேடு.

முதலில் அந்த ஸ்லீப்பை எடுத்துவிடு. சோதனையை லாக்குக்குள் கொண்டுவா, இஃப்பை வைல் ஆக்கு, ஃபிளாக்கைச் சேர். பிறகு பத்துத் தடவை போதாது. ஆயிரம் தடவை ஓடும்படி ஒரு ஸ்கிரிப்ட் எழுதி ராத்திரி ஓடவிட்டுத் தூங்கு. காலையில் என்ன ஆனது என்று எனக்கு எழுது.

உன் மாமா