மண்ணில் மறைந்த இருப்புப்பாதை

கேள்வி: தனுஷ்கோடித் துறைமுகம் வரை சென்ற பழைய ரயில் பாதையின் தடத்தை இன்று கண்டறிய இயலுமா?
— ஒரு வாசகர், காரைக்குடி

பதில்: நிச்சயமாக இயலும். 1914-ம் ஆண்டு பாம்பன் பாலம் திறக்கப்பட்டபின், அதுவரை தூத்துக்குடி மார்க்கமாகக் கொழும்பு சென்ற யாத்ரிகர்கள், தனுஷ்கோடித் துறையில் ரயிலைவிட்டு இறங்கிக் கப்பலேறித் தலைமன்னாரை அடையும் வசதி ஏற்பட்டது. பாம்பனிலிருந்து ராமேசுவரத்துக்கு ஒரு கிளையும் தனுஷ்கோடிக்கு மற்றொன்றுமாகப் பாதை பிரிந்தது என்பதை முதலில் மனத்தில் கொள்ளுங்கள்; 1964-க்கு முந்தைய சர்வே படமொன்றில் அந்தப் பிரிவைப் பார்த்துக்கொண்டு புறப்படுவதே உத்தமம். ரயில் பாதை திடீரென்று திரும்பாது. ஆகையால் மணல்மேடுகளினூடே நீண்டு, மெல்ல வளைந்து செல்லும் தாழ்ந்த கரையைக் கண்டால் அங்கே நின்று கவனியுங்கள். மணலும் பவளப்பாறையுமே இயற்கையாக உள்ள ராமேசுவரம் தீவில் கருங்கல் ஜல்லி தென்படுமாயின், அது மனிதர் கொணர்ந்து கொட்டியது என்பதில் ஐயமில்லை.

1964 டிசம்பர் 22 இரவு வீசிய பெரும்புயலில், பாம்பனிலிருந்து வந்த பாசஞ்சர் ரயில் பிரயாணிகளோடு கடலுக்கு இரையாயிற்று. பாதையும் அத்துடன் அழிந்தது. ரயில் நிலையத்தின் இடிந்த சுவர்கள் இன்றும் நிற்கின்றன. அங்கே செல்பவர்கள் ஒரு கல்லையும் பெயர்த்தெடுக்கலாகாது. எஞ்சியிருக்கும் சாட்சியம் அவ்வளவே.