மாவு பாக்கெட்டின் நடுவில் எத்தனை டிகிரி?

காவேரிப்பாக்கத்தில் உட்கார்ந்துகொண்டு வாலாஜா, ஆற்காடு, ராணிப்பேட்டை, சோளிங்கர் வரைக்கும் இட்லி மாவு பாக்கெட் போட நினைப்பவருக்குச் சந்தை இருக்கிறது. காலணிக் கம்பெனிகளுக்கு விடியற்காலையில் வேன் ஏறும் பெண்கள் நிறைந்த வட்டாரம் இது. அந்த வீடுகளில் ராத்திரி கிரைண்டர் போட யாருக்கும் தெம்பு இருக்காது. இதே சென்னை–பெங்களூர் சாலையின் மறுமுனையில், 2005-ல் பி.சி. முஸ்தஃபாவும் அவருடைய உறவுச் சகோதரர்களும் மாவு பாக்கெட்டை வைத்துத்தான் ஐடி ஃபிரெஷ் நிறுவனத்தைத் தொடங்கினார்கள்.

ஆனால் மே மாதம் 40 டிகிரியைத் தாண்டும் ஊர் நம்முடையது. ருசியான மாவு அரைக்கப் பலருக்குத் தெரியும். அதைக் கெடாமல் வாடிக்கையாளர் கைக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் கடினம். ஃபிரிட்ஜ் கதவில் தெரியும் எண் மாவின் எண் அல்ல என்பதை முதல் நாளே மனதில் வைத்துக்கொண்டால் பாதி வேலை முடிந்த மாதிரி.

முதலில் தண்ணீரைப் பாருங்கள். மாவில் பாதிக்கு மேல் தண்ணீர்தான். தோல் பதனிடும் கழிவால் பாலாறு கெட்டதை எதிர்த்து வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில்தான், மாசுபடுத்தியவரே ஈடு கட்ட வேண்டும் என்று 1996-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ராணிப்பேட்டை சிப்காட்டில் மூடப்பட்ட குரோமேட் ஆலை விட்டுப்போன கழிவு பற்றி ஊருக்கே தெரியும். காவேரிப்பாக்கம் பெரிய ஏரிக்கும் பாலாற்று அணைக்கட்டிலிருந்துதான் கால்வாய் வருகிறது. இதனால் உங்கள் போர் தண்ணீர் கெட்டது என்று ஆகிவிடாது. சோதித்துப் பார்க்காமல் நல்லது என்றும் சொல்ல முடியாது. குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்திலோ, என்.ஏ.பி.எல். அங்கீகாரம் பெற்ற தனியார் ஆய்வகத்திலோ கொடுங்கள். குடிநீருக்கான ஐ.எஸ். 10500 தரப்படி குரோமியம் லிட்டருக்கு 0.05 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. 100 மில்லி தண்ணீரில் ஈ.கோலை கிருமி ஒன்றுகூட இருக்கக் கூடாது. காய்ச்சினால் கிருமி சாகும், குரோமியம் போகாது. ஆர்.ஓ. இயந்திரம் போட்டால் அதிலிருந்து வெளியே வரும் தண்ணீரையும் சோதிக்கக் கொடுங்கள். கோடையில் ஒரு தடவை, மழை ஓய்ந்த பின் ஒரு தடவை என்று வைத்துக்கொள்வது நல்லது.

அடுத்தது உரிமம். தொழில் சிறிதோ பெரிதோ, எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. பதிவு இல்லாமல் ஒரு பாக்கெட்டும் வெளியே போகக் கூடாது. அதன் ஃபாஸ்காஸ் இணையதளத்தில் விண்ணப்பித்தால் 14 இலக்க எண் கிடைக்கும். சிறு தொழிலுக்குப் பதிவு போதும், பெரிதானால் உரிமம். உங்கள் விற்றுமுதலுக்கு எது என்பதை உணவுப் பாதுகாப்பு அலுவலரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். இயந்திரம் வாங்கக் கடன் தேவைப்பட்டால் மாவட்டத் தொழில் மையத்தில், சிறு உணவுத் தொழில்களுக்கான பி.எம்.எஃப்.எம்.இ. திட்டம் இப்போது எந்த நிலையில் இருக்கிறது என்று விசாரியுங்கள். 2020-ல் வந்த இந்தத் திட்டத்தில் 35 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் ரூபாய் வரை மானியம் அறிவிக்கப்பட்டது.

அரைக்கும்போது மாவு சூடாகும். அதனால் ஐஸ் தண்ணீர் விட்டு அரையுங்கள். கிரைண்டரில் கல்லும் தண்டும் சேரும் இடுக்கில்தான் பழைய மாவு ஒளிந்திருக்கும். கல்லைக் கழற்றி, தேய்த்துக் கழுவி, கடைசியாகக் குளோரின் தண்ணீரில் நனைத்து எடுங்கள். 5 சதவீத சோடியம் ஹைப்போகுளோரைட் என்றால் லிட்டருக்கு 2 மில்லி, 100 பி.பி.எம். வந்துவிடும். துடைக்கிற ஈரத்துணியை விட்டொழியுங்கள். கழுவிச் சுத்தமான கிரைண்டரை மறுபடி அழுக்காக்குவது பெரும்பாலும் அந்தத் துணிதான்.

இனி புளிப்பு. உளுந்திலும் அரிசியிலும் இயல்பாகவே இருக்கும் லூக்கோனோஸ்டாக் போன்ற பாக்டீரியாக்கள் மாவைப் பொங்க வைத்து அமிலத்தையும் உண்டாக்குகின்றன. அந்த அமிலம்தான் மாவின் முதல் காவல், குளிர் இரண்டாவது காவல்தான். இங்கேதான் பலரும் கடிகாரத்தை நம்பிக் கெடுகிறார்கள். சித்திரையில் ஆறு மணி நேரத்தில் புளிக்கும் மாவு மார்கழியில் இரண்டு மடங்கு நேரம் கேட்கும். அதனால் ஒரு பி.எச். மீட்டர் வாங்குங்கள். பி.எச். 4, 7 என்ற இரண்டு தரக் கரைசல்களில் தினமும் அதைச் சரிபார்த்துவிட்டு மாவில் வையுங்கள். 4.6-க்குக் கீழே இறங்கிய பிறகே குளிருக்கு அனுப்புங்கள்.

'எப்படியும் ஆவியில் வேகப்போகிற மாவுதானே' என்று சிலர் வாதிடுவார்கள். அரிசியோடு வரும் பேசில்லஸ் சீரியஸ் என்ற கிருமி மாவில் பெருகிவிட்டால், அது விடும் ஒருவகை நஞ்சு வெந்தாலும் அழியாது. புளிப்பு சரியாக ஏறிய மாவில் அது பெருகுவது கடினம். புளிப்பை மறைக்கச் சோடா உப்பு போடுவது இதனால்தான் ஆபத்து; ருசியோடு சேர்த்துக் காவலையும் முறித்துவிடும்.

இப்போது குளிரூட்டல். கவனம் முழுக்க இங்கேதான் வேண்டும்.

வீட்டு ஃபிரிட்ஜும் கடைகளில் இருக்கும் கண்ணாடிக் கதவு ஃபிரிட்ஜும் குளிர்ந்த பொருளைக் குளிர்ச்சியாக வைத்திருக்கச் செய்தவை. வெதுவெதுப்பான மாவை வேகமாகக் குளிர வைக்கும் சக்தி அவற்றுக்குக் கிடையாது. 25 கிலோ பக்கெட்டை மூடி உள்ளே வைத்தால், கதவில் 4 டிகிரி என்று காட்டும்போது பக்கெட்டின் நடுவே மாவு வெதுவெதுப்பாகவே இருக்கும். புளிக்கும் மாவு தானும் கொஞ்சம் வெப்பம் விடும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பொருளின் தடிமன் பாதியானால் நடுப்பகுதி குளிரும் நேரம் ஏறக்குறைய கால்வாசியாகும். ஆகவே புளித்த உடனே ஒரு கிலோ பாக்கெட்டுகளில் அடைத்து, ஓட்டையுள்ள கிரேட்டில் ஒரே வரிசையாகப் படுக்க வைத்து, இடையில் விரல் நுழையும் இடைவெளி விட்டுக் குளிருக்குள் அனுப்புங்கள். அடுக்கிக் குவிப்பது மறுநாள் காலையில்தான்.

நான்கு மணி நேரத்துக்குள் பாக்கெட்டின் நடுப்பகுதி 5 டிகிரிக்கு வர வேண்டும். வருகிறதா என்று அறிய, ஊசி முனை தெர்மாமீட்டரை ஒரு பாக்கெட்டில் குத்தி நடுவில் நிறுத்திப் பாருங்கள். குத்திய பாக்கெட் விற்பனைக்கு அல்ல. அரை மணிக்கொரு தடவை எண்ணைக் குறியுங்கள். குளிர் அறையின் நான்கு மூலைகளிலும் கதவருகிலும் இதைச் செய்தால் எந்த இடம் சோம்பேறி என்று தெரிந்துவிடும். தெர்மாமீட்டரே பொய் சொல்கிறதா என்று பார்க்க, பொடித்த ஐஸும் கொஞ்சம் தண்ணீரும் கலந்த டம்ளரில் வையுங்கள். பூஜ்ஜியம் காட்ட வேண்டும். நான்கு மணி நேரம் ஆகியும் எண் 5-க்கு இறங்கவில்லை என்றால் இயந்திரம் சிறியது, அல்லது நீங்கள் திணிப்பது அதிகம். ஃபிரிட்ஜ் வாங்கும்போது எத்தனை லிட்டர் என்று மட்டும் கேட்காமல், 30 டிகிரியில் உள்ள இத்தனை கிலோவை நான்கு மணி நேரத்தில் 5 டிகிரிக்கு இறக்குமா என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

காலாவதித் தேதியைப் பக்கத்துக் கம்பெனி பாக்கெட்டைப் பார்த்து எழுதாதீர்கள். ஒரே நாள் அரைத்த பாக்கெட்டுகளில் பாதியை 5 டிகிரியிலும், மீதியைக் கடை ஃபிரிட்ஜில் உண்மையாக நிலவும் 10, 12 டிகிரியிலும் வையுங்கள். தினமும் ஒன்றைத் திறந்து மணம், உப்பல், பி.எச். மூன்றையும் எழுதுங்கள். சில நாட்களின் மாதிரிகளை ஆய்வகத்துக்கு அனுப்பி ஈ.கோலை, சால்மோனெல்லா, பேசில்லஸ் சீரியஸ், பூஞ்சை ஆகியவற்றைப் பார்க்கச் சொல்லுங்கள். கடைக் குளிரில் எத்தனை நாள் தாங்கியதோ, அதற்கும் ஒரு நாள் குறைத்துத் தேதி போடுங்கள். மைசூரில் 1950-லிருந்து இயங்கும் சி.எஃப்.டி.ஆர்.ஐ., தஞ்சாவூரில் உள்ள தேசிய உணவுத் தொழில்நுட்ப நிறுவனம் இரண்டிலும் இதற்கு ஆலோசனை கேட்கலாம். ஹாசப் எனும் உணவுப் பாதுகாப்புத் திட்டக் கோப்பைத் தயாராகத் தருகிறேன் என்று வருபவரை நம்ப வேண்டாம். உங்கள் கிரைண்டரையும் குளிர் அறையையும் நேரில் பார்க்காதவர் எழுதிய கோப்பு உங்களுக்கு உதவாது.

லேபிளில் உரிம எண், பச்சைக் குறி, எடை, விலை, தயாரித்த தேதி, காலாவதித் தேதி, முகவரியோடு '5 டிகிரிக்குக் கீழே வைக்கவும்' என்பதைத் தமிழிலும் பெரிய எழுத்தில் போடுங்கள்.

கடைகளுக்கு வெயில் ஏறுமுன் கொண்டுபோய் விடுங்கள். பெட்டியில் ஐஸ் பேக் அவசியம். கரண்ட் பில்லுக்குப் பயந்து ராத்திரி ஃபிரிட்ஜை அணைக்கும் கடைக்காரர்கள் உண்டு. "அண்ணாச்சி, ராத்திரியும் ஓடட்டும், உப்பிய பாக்கெட்டை நான் மாற்றித் தருகிறேன்" என்று பேசிப் பாருங்கள். கேட்காதவர் கடையில் ஒரு நாள் விற்பனைக்கு மட்டும் பாக்கெட் கொடுங்கள்.

கடைசியாக ஒரு நோட்டு. ஒவ்வொரு அரைவைக்கும் ஓர் எண் கொடுத்து, அரிசி மூட்டை, அரைத்த நேரம், பி.எச்., குளிர்ந்த நேரம், எந்தெந்தக் கடைக்கு எத்தனை பாக்கெட் என்று எழுதுங்கள். மாதம் ஒரு நாள், கையில் கிடைத்த ஏதோ ஒரு பாக்கெட்டை எடுத்து, அதே அரைவையின் மற்ற பாக்கெட்டுகள் எங்கே இருக்கின்றன என்று ஒரு மணி நேரத்துக்குள் கண்டுபிடிக்க முடிகிறதா என்று பாருங்கள். முடியாவிட்டால், கடைக்காரர்களின் போன் எண்களையும் அதே பக்கத்தில் எழுதத் தொடங்குங்கள்.