ஹைட்ரஜெல் வாங்குமுன் கிணற்று நீரைச் சோதியுங்கள்

தாம்பரம், மேடவாக்கம் பகுதிகளில் நாற்றங்கால் வைத்திருப்போருக்கும் மாடித்தோட்டம் போடுவோருக்கும் கோடைகால நீர்ப் பற்றாக்குறை பெரும் இடர். மண்ணில் நீரைத் தேக்கி வைத்துப் பாசன இடைவெளியை நீட்டிக்க ஹைட்ரஜெல் குருணை உதவும். ஆனால் எல்லா நீரிலும் அது ஒரே அளவு பலன் தராது.

தயாரிக்கும் முறை

அக்ரிலிக் அமிலம், அக்ரிலமைடு ஆகிய இரண்டையும் நீரில் கரைத்து, அந்நீரிலுள்ள ஆக்ஸிஜனை நீக்கி, சிறிது பெர்சல்பேட் உப்பு சேர்த்துச் சூடாக்குவர். பெர்சல்பேட் உடைந்து 'தனி உறுப்புகள்' தோன்றும். இவை சிறு மூலக்கூறுகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்து நீண்ட சங்கிலியாக்கும். கதம்பச் சரம்போல இருவகையும் கலந்து அமைவதால் இதனை இணைபலபடி என்பர். சங்கிலிகளைக் குறுக்கே பிணைத்து வலையாக்குவதால் குருணை நீரில் கரையாமல் பருக்கிறது.

உவர் நீரின் விளைவு

காரத்தால் நடுநிலையாக்கப்பட்ட அமிலப் பகுதிகள் எதிர் மின்னூட்டம் பெற்று ஒன்றையொன்று தள்ளுகின்றன. வலை விரிந்து நீர் புகுகிறது. புதுடெல்லி இந்திய வேளாண்மை ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கிய பூசா ஹைட்ரஜெல், செல்லுலோஸுடன் அக்ரிலேட்டை இணைத்துச் செய்தது. தூய நீரில் இது தன் எடையைப்போல் குறைந்தது 350 மடங்கு நீரை உறிஞ்சும்.

உவர் நீரில் இந்த விலக்கு விசை தளர்ந்து, உறிஞ்சும் அளவு பலமடங்கு குறையும். கடின நீரிலுள்ள கால்சியம் சங்கிலிகளைச் சேர்த்துக் கட்டிவிடும். பிறகு நல்ல நீர் விட்டாலும் முழுமையாக மீளாது. அக்ரிலமைடுக்கு மின்னூட்டம் இல்லை. அது கூடுதலாக உள்ள ரகம் தூய நீரில் குறைவாக உறிஞ்சினாலும் உவர் நீரில் அவ்வளவாகத் திறன் இழப்பதில்லை.

சென்னையின் தென்கடலோரத்தில் கடல்நீர் உட்புகுந்தும், பல்லாவரம், குரோம்பேட்டைப் பகுதியில் தோல் ஆலைக் கழிவாலும் நிலத்தடி நீர் கெட்டுள்ள இடங்கள் உண்டு. அங்கெல்லாம் இச்சோதனை அவசியம்.

எளிய சோதனை

இரண்டு பாத்திரங்களில் ஒரு லிட்டர் மழைநீரும் ஒரு லிட்டர் கிணற்று நீரும் எடுத்து, ஒவ்வொன்றிலும் ஒரு கிராம் குருணை இடவும். ஓர் இரவு ஊறியபின் மெல்லிய துணியில் வடித்து எடை பார்க்கவும். மழைநீரில் 300 கிராமும் கிணற்று நீரில் 60 கிராமும் இருந்தால், உங்கள் பணத்திற்கு ஐந்தில் ஒரு பங்கு பலனே கிடைக்கும். அத்தகைய நிலையில் மழைநீரைச் சேமிப்பதும், மூடாக்கு இடுவதும், தொழுவுரம் இடுவதுமே சிக்கனம். அரசு மண் பரிசோதனை நிலையங்களில் பாசன நீரையும் கொடுத்து ஆய்வு செய்துகொள்ளலாம்.

இடும் முறை

நீர் ஏற்றதாயின், ஏக்கருக்கு 1 முதல் 2 கிலோ குருணையை உலர்ந்த மண்ணுடன் கலந்து, விதைக்கும்போது வேர்ப்பகுதியில் விழுமாறு சாலில் இடவும். மேலாகத் தூவுவதால் பயனில்லை.